அறுபதை நாற்பத்தைந்தாக எண்ணியவர்

சர்வர் அண்ணா, நீங்கள் பொய் சொன்னீர்கள். நேரலையில், அத்தனை பேர் பார்த்துக்கொண்டிருந்தபோது, மைக்கை இழுத்து வைத்துக்கொண்டு சொன்னீர்கள். கணக்குப் போட்டது எங்கள் அக்கா, அவர் கணக்கில்தான் தப்பு என்றீர்கள். கணக்கில் தப்பு இல்லை. அதை மாற்றியது நீங்கள்.

இதைப் படிக்கிற மற்றவர்களுக்கு ஒன்றும் புரியாது என்பதால் விவரமாகவே சொல்கிறேன். எனக்கு அலங்காரமாக எழுத வராது. பெங்களூரில் பிளாஸ்டிக் வாளி செய்கிற கம்பெனியில் மெஷின் ஓட்டுகிறவன் நான். வீடு தங்கச் சுரங்க ஊரில், மைசூர் மைன்ஸ் பக்கம். தினமும் ரயில்தான்.

விஷயம் ஒரு கம்ப்யூட்டர் விளையாட்டைப் பற்றியது. ஆளில்லாத ஒரு கிரகத்தில் நம்மை இறக்கிவிடுவார்கள். அங்கே தாது தோண்ட வேண்டும், உருக்க வேண்டும், தகடு, கம்பி, சர்க்யூட் போர்டு என்று ஒவ்வொன்றாகச் செய்துகொண்டே போய்க் கடைசியில் ஒரு ராக்கெட்டைச் செய்து மேலே அனுப்ப வேண்டும். சண்டை கிடையாது, துப்பாக்கி கிடையாது. தொழிற்சாலை கட்டுவதுதான் விளையாட்டே. சுரங்கத்தை மூடிவிட்ட ஊரில் இருந்துகொண்டு, வேலைக்காக ஆறு நாளும் ரயிலில் இடிபட்டுப் பெங்களூர் போய்வந்து, ஏழாம் நாள் இல்லாத கிரகத்தில் சுரங்கம் தோண்டினோம். சிரிக்கத் தோன்றினால் சிரித்துக்கொள்ளுங்கள்.

மூன்று பேர் சேர்ந்து ஆடினோம். ஒருவர் அண்ணன். ராபர்ட்சன்பேட்டை பஜாரில் அவருக்கு ஹார்டுவேர் கடை. கடைக்கு மேலே மாடி அறையில் பெரிய கம்ப்யூட்டர் வைத்திருந்தார். எங்கள் கிரகம் அதில்தான் ஓடியது என்பதால் அவர் சர்வர் அண்ணன். வீடியோ சேனலும் நடத்தினார். இன்னொருவன் நான். மூன்றாவது, அக்கா.

கூடப் பிறந்தவர் இல்லை, ரயில் பழக்கம். அக்காவுக்கு வீடு எங்கள் ஊரிலேயே சாம்பியன் ரீப்ஸ் பக்கம். அவர் பெயரை நான் எழுதப் போவதில்லை. அவரைக் கேட்காமல் அவர் பெயரை ஒருமுறை எல்லார் முன்னாலும் இழுத்தாயிற்று, அது போதும். எங்கள் கூட்டத்தில் அவருக்கு முக்கா அக்கா என்று பெயர். எந்த எண்ணைச் சொன்னாலும் அதில் முக்கால்வாசியைத்தான் எண்ணுவார். ஒரு மெஷின் நிமிடத்துக்கு அறுபது செய்யும் என்று விளையாட்டிலேயே எழுதியிருக்கும். அக்கா அதை நாற்பத்தைந்து என்று எழுதிக்கொள்வார்.

காலை ரயிலில் ஜன்னல் ஓரம் உட்கார்ந்து, மடியில் சாப்பாட்டுப் பையை வைத்து, பையின் மேல் கட்டம் போட்ட நோட்டை வைத்து இந்தக் கணக்கைப் போடுவார். உதாரணம் சொல்கிறேன். நிமிடத்துக்கு அறுபது சர்க்யூட் போர்டு வேண்டும். அதற்கு நூற்றிருபது செம்புத் தகடு வேண்டும். ஓர் உலை நிமிடத்துக்கு நாற்பது தகடு உருக்கும். மூன்று உலை போதும் என்று எனக்கே தெரியும். அக்கா உலைக்கு முப்பதுதான் எண்ணுவார், நான்கு உலை போடுவார். இதையே தகடு, கம்பி, கியர், எண்ணெய் என்று ஒவ்வொன்றுக்கும் போட்டு அம்புக்குறியால் இணைப்பார். பங்காருப்பேட்டையில் தொடங்கினால் கண்டோன்மென்ட் வருவதற்குள் ஒரு பக்கம் முடியும்.

அரசாங்கப் பரீட்சைக்குப் படிக்கிறார் என்று ரயிலில் நினைத்திருந்தார்கள். டேக்கலில் ஏறும் ஓர் அம்மா, தன் மகளுக்குக் கணக்கு டியூஷன் எடுக்க முடியுமா என்று ஒருநாள் கேட்டார். இது விளையாட்டுக்கான கணக்கு என்று அக்கா உள்ளதைச் சொன்னார். அந்த அம்மா அப்புறம் எங்கள் பெட்டியில் ஏறவில்லை.

முக்கால் கணக்கு விளையாட்டோடு நிற்கவில்லை. அவருடைய தங்கை கல்யாணத்தில் பிரியாணி மாஸ்டர் ஓர் அண்டா நூறு பேருக்கு வரும் என்று சொன்னாராம். அக்கா எழுபத்தைந்து என்று எண்ணி, முந்நூறு பேருக்கு நான்கு அண்டா சொல்லிவிட்டார். மிஞ்சியது. மிஞ்சியதைப் பக்கத்து லைன் வீடுகளுக்கெல்லாம் வாளியில் கொண்டுபோய்க் கொடுத்தார்கள். சொந்தக்காரர்கள் அதை வருடக்கணக்கில் சொல்லிச் சொல்லிச் சிரித்தார்கள். அன்று சாப்பாடு கிடைக்காமல் திரும்பிய ஆள் ஒருவர்கூட இல்லை. அதை யாரும் சொல்லவில்லை. ஒன்றும் கெடாத நாளை யார் ஞாபகம் வைத்துக்கொள்கிறார்கள்?

என்னையும் விட்டுவைக்கவில்லை. ஆட ஆரம்பித்த புதிதில் எனக்கான வேலைகளை நோட்டில் பிரித்து எழுதியிருந்தார். ஒரு மாதத்துக்கு மூன்று ஞாயிறு வேலைதான் இருந்தது. நான்காவது ஞாயிறு எங்கே என்று கேட்டேன்.

"நீ நாலு வாரத்துக்கு மூணு வாரந்தான் வருவ தம்பி" என்றார்.

எனக்குக் கோபம் வந்தது. அந்த மாதம் நான்கு வாரமும் போய்க் காட்ட வேண்டும் என்று இருந்தேன். மூன்றாவது வாரம் சித்தப்பா வீட்டில் ஞானஸ்நானம் வந்துவிட்டது. போக முடியவில்லை. அடுத்த வாரம் அக்கா ஒன்றும் கேட்கவில்லை, அதுதான் இன்னும் எரிச்சலாக இருந்தது.

அண்ணனுக்கு இந்தக் கணக்கு ஆகவே ஆகாது. கடைக்காரர் அவர். சும்மா நிற்கிற மெஷினைப் பார்த்தால் வயிறு எரிகிறது என்பார். நான்கு உலை போட்ட இடத்தில் எப்போதும் ஒன்று அணைந்தும் எரிந்தும் கிடக்கும், அதைக் காட்டிக் காட்டிப் பேசுவார்.

"முக்கா அக்கா, நீ அனுப்பற ராக்கெட்டு முக்கா தூரம் போயி நிக்கும் பாரு."

"முக்கா தூரம் போனா பரவால்லண்ணா. தரையிலயே வெடிக்காம இருந்தா சரி" என்பார் அக்கா. சிரிக்காமல் சொல்வார்.

பவர் ஹவுஸ் விஷயத்தில் மட்டும் அவர் யாருக்கும் வளைந்துகொடுக்க மாட்டார். எங்கள் கிரகத்தில் கரண்ட் நிலக்கரியில் வந்தது. நிலக்கரி தோண்டும் மெஷின்கள் அதே கரண்டில் ஓடின. கரண்ட் கொஞ்சம் குறைந்தால் தோண்டும் மெஷின் மெதுவாகும். நிலக்கரி குறையும். அதனால் கரண்ட் இன்னும் குறையும். அப்படியே இறங்கி இறங்கி மொத்தமும் இருட்டாகிவிடும். பவர் ஹவுஸ் தருவதில் முக்கால்வாசிக்கு மேல் ஒருநாளும் இழுக்கக் கூடாது என்பது அக்காவின் சட்டம். நோட்டில் போட்ட கணக்கையெல்லாம் இன்டர்நெட்டில் ஒரு ஷீட்டாகவும் செய்து வைத்திருந்தார். நாங்கள் மூவரும் அதைத் திறக்கலாம், மாற்றலாம். அதன் தலையில் ஒரே ஒரு கட்டம். அதில் 0.75 என்று இருக்கும். கீழே உள்ள அத்தனை எண்ணும் அந்தக் கட்டத்தைப் பார்த்துத்தான் வரும். கரண்ட் அளவைத் தாண்டினால் ஒரு வரி சிவப்பாகும்.

இந்த முக்கால் எங்கிருந்து வந்தது என்று ஒருநாள் ரயிலில் கேட்டேன். அவருடைய அப்பா மைனில் இருந்தவர், அங்கே கற்றதாக இருக்கும் என்று நானாக நினைத்திருந்தேன். அக்கா இல்லை என்றார். அப்பா எதையும் எண்ணுகிற ஆள் இல்லையாம்.

அக்கா வேலை செய்தது கார்களுக்கு உள்ளே போகிற ஒயர்களைக் கட்டுக் கட்டாகச் சேர்க்கும் கம்பெனி. சேர்ந்த இரண்டாம் வருடம், கையில் ஸ்டாப்வாட்சோடு ஒருவர் வந்து அவர் பின்னால் நின்றிருக்கிறார். இன்ன வேலைக்கு இத்தனை நொடி என்று அளக்க வந்தவர். லைனிலேயே வேகமான கை அக்காவுடையது. பார்க்கட்டும் என்று ஒரு மணி நேரம் தலை நிமிராமல் கட்டியிருக்கிறார். அளக்க வந்தவர் கை தட்டிவிட்டுப் போனாராம். அடுத்த திங்கட்கிழமை அதுதான் மொத்த லைனுக்கும் டார்கெட். நாற்பது பெண்கள், எட்டு மணி நேரமும், அக்கா ஒரு மணி நேரம் வீறாப்பாக ஓடிய வேகத்தில் ஓட வேண்டும்.

"பக்கத்து சீட்டு பொண்ணு தண்ணி குடிக்கறத விட்டுட்டா. குடிச்சா பாத்ரூம் போவணும், போனா நாலு கட்டு போயிரும். நீ எந்த ஊர்க்காரி, எங்க உசுர வாங்க வந்தன்னு கன்னடத்துல கேட்டா. நான் இன்னா சொல்றது? நல்லாத்தானே வேல செஞ்சேன்."

அப்புறம் நோட்டைத் திறந்து கணக்கைப் போட ஆரம்பித்துவிட்டார். 

மூன்று வருடத்துக்கு முன்பு அதே கம்பெனியில் பிளானிங் உதவியாளர் என்று ஓர் இடம் வந்தது. எந்த லைனில் எத்தனை கட்டு, எத்தனை ஆள் என்று திட்டம் போடும் வேலை. டார்கெட்டை எழுதுகிற நாற்காலி அதுதான். அக்காவுக்கு அந்த நாற்காலி வேண்டும். ஒரே ரயிலில் போய்வந்த பதினொரு வருடத்தில் அவர் எதையும் வேண்டும் என்று சொல்லி நான் கேட்டதில்லை, அதை மட்டும் சொன்னார். ஆனால் டிப்ளமா கிடையாது. லைனில் ஒயர் கட்டுகிறவரை யார் அங்கே உட்கார வைப்பார்கள்? அங்கே உற்பத்தியைப் பார்த்துக்கொண்ட அதிகாரி ஒருவர், சின்ன வயது, கன்னடக்காரர், இதே விளையாட்டை ஆடுகிறவர். சாப்பாட்டு நேரத்தில் அக்காவின் நோட்டைப் பார்த்துவிட்டு ஆச்சரியப்பட்டிருக்கிறார். இது ஓடுகிறதைக் காட்டுங்கள், நான் மேலே பேசுகிறேன் என்று சொல்லியிருக்கிறார்.

அந்தச் சமயத்தில்தான் அண்ணன் தன் சேனலில் ராக்கெட் விடுவதை நேரலையாகக் காட்டப்போவதாக அறிவித்தார். அந்த ஞாயிற்றுக்கிழமையே. ஆகாது, இன்னொரு பவர் ஹவுஸ் கட்டிய பிறகுதான் ராக்கெட்டைச் செய்கிற ஹாலை ஓட்ட முடியும், அதற்கு மூன்று ஞாயிறு வேண்டும் என்றார் அக்கா. அறிவித்தது அறிவித்ததுதான் என்றார் அண்ணன்.

சனிக்கிழமை அக்காவுக்கு வேலை நாள், எனக்கு அந்த வாரம் மட்டும் லீவு. அண்ணன் கூப்பிட்டார். போனேன். ஷீட் திறந்திருந்தது. தலையில் இருந்த கட்டத்தில் 0.75 இல்லை. 1 என்று இருந்தது. சிவப்பு வரி கறுப்பாகியிருந்தது.

"ஷீட்டே சொல்லுது பாரு, இருக்கற கரண்டே போதும்னு. புது பவர் ஹவுசு இன்னாத்துக்கு? ஹாலை இழுத்து கட்டு" என்றார்.

அக்காவுக்குத் தெரியுமா என்று கேட்டேன். தான் சொல்லிக்கொள்வதாகச் சொன்னார். நான் கட்டினேன்.

சொன்னார்தான். என்ன சொன்னார் என்று எனக்கு அப்புறம்தான் தெரிந்தது. தம்பியும் நானும் சனிக்கிழமை முழுக்க உட்கார்ந்து இரண்டாவது பவர் ஹவுசைக் கட்டிவிட்டோம், உன் கணக்குப்படியே எல்லாம் தயார் என்று போனில் சொல்லியிருக்கிறார். அக்கா உடனே அந்த அதிகாரிக்குச் சேதி அனுப்பியிருக்கிறார். நாளைக்கு மத்தியானம் பாருங்க சார், என் கணக்கு.

ஞாயிற்றுக்கிழமை சர்ச் முடிந்து நேராக வந்தார். நல்ல புடவை கட்டியிருந்தார். லேப்டாப்பைத் திறந்து, அதிகாரி நேரலைக்கு வந்துவிட்டாரா என்று பார்த்தார். வந்திருந்தார். அதைப் பார்த்துக்கொண்டிருந்ததால் பவர் ஹவுஸ் பக்கம் அவர் போய்ப் பார்க்கவில்லை. போயிருந்தால் காலி இடம்தான் இருந்திருக்கும்.

அண்ணன் மைக்கில் ஒன்று இரண்டு மூன்று எண்ணி ராக்கெட் ஹாலை ஓடவிட்டார். கொஞ்ச நேரம் நன்றாகத்தான் ஓடியது. பிறகு விளக்குகள் மங்கின. உலைகள் மெதுவாகின. நிலக்கரி போகிற பெல்ட்டில் இடைவெளி விழ ஆரம்பித்தது. எனக்கு விஷயம் தெரியும் என்பதால் நான் அதை மட்டுமே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"அண்ணா, ஹாலை ஆஃப் பண்ணுங்க. நிலக்கரிக்கு மட்டும் கரண்டு விடுங்க" என்றார் அக்கா. மெதுவாகத்தான் சொன்னார். மைக்கில் கேட்கக் கூடாது என்று.

அண்ணன் ஆஃப் பண்ணவில்லை. அத்தனை பேர் பார்க்கும்போது எப்படி ஆஃப் பண்ணுவார்? இதோ வேகம் எடுக்கும் என்று பேசிக்கொண்டே இருந்தார். எடுக்கவில்லை. ஒரு வருடம் கட்டிய கிரகம் மொத்தமாக இருட்டாகி நின்றது. பார்த்தவர்கள் சிரிக்கிற பொம்மைகளை அனுப்பினார்கள். அண்ணனும் சிரித்தார். அப்போதுதான் அதைச் சொன்னார். பிளானிங் முழுக்க எங்க அக்கா, கணக்குல தப்பு பண்ணிட்டாங்க, பாவம்.

அக்கா ஷீட்டைத் திறந்தார். தலையில் இருந்த கட்டத்தைப் பார்த்தார். பார்த்ததை நான் பார்த்தேன். லேப்டாப்பை மூடிப் பையில் வைத்துக்கொண்டு, நேரலை முடியும்வரை உட்கார்ந்திருந்தார். போகும்போது வரேண்ணா என்று சொல்லிவிட்டுத்தான் போனார்.

திங்கட்கிழமை ரயிலில் அவர் எதிரே உட்கார்ந்தேன். பங்காருப்பேட்டை தாண்டியது. பிறகு, அண்ணன் செய்தது அநியாயம் என்று ஆரம்பித்தேன்.

"மெஷினுக்கெல்லாம் முக்கா போட்டேன் தம்பி. அண்ணன் பேச்ச மட்டும் ஃபுல்லா எடுத்துக்கினேன். அது என் கணக்குல இருந்த தப்புதான். அவர் சொன்னது சரியாத்தான் ஆச்சு."

"நானும் சொல்லாம இருந்துட்டேன்கா" என்றேன்.

"உன்ன நான் முக்காவுலதான் வெச்சிருந்தேன். அதுல ஒண்ணும் தப்பு ஆவல."

கோபமாகச் சொல்லியிருந்தால் எவ்வளவோ தேவலை. ரயில் நேரம் சொல்வதைப் போலச் சொன்னார்.

பிளானிங் இடம் வேறு ஒருவருக்குப் போயிற்று, டிப்ளமா படித்தவருக்கு. அதிகாரி கெட்டவர் இல்லை. அக்காவைக் கூப்பிட்டு, நோட்டில் எல்லாம் சரியாக இருக்கிறது, ஆனால் ஓட்டும்போது விழுந்துவிட்டதே அம்மா என்று வருத்தமாகச் சொல்லியிருக்கிறார். ஷீட்டை யார் மாற்றினார்கள் என்று அக்கா அவரிடம் சொல்லவில்லை. சொன்னால் சாக்குச் சொல்கிறேன் என்று ஆகும் என்றார். புதிதாக வந்தவர் முதல் மாதமே லைன் டார்கெட்டை ஏற்றினார். அதை எட்ட அக்காதான் ஒயர் கட்டினார். ஆறு மாதம் கட்டிவிட்டு ஓசூர் பக்கம் வேறு கம்பெனிக்குப் போய்விட்டார். வீட்டையும் அங்கேயே மாற்றிக்கொண்டார். இப்போது எங்கள் ரயிலில் அவர் இல்லை. விளையாடுகிறாரா என்றும் தெரியாது.

இத்தனை நாள் கழித்து எதற்கு எழுதுகிறாய் என்று கேட்பீர்கள், அண்ணா. போன வாரம் உங்கள் சேனலைப் பார்த்தேன். உற்பத்தி வேகத்தைத் திட்டமிடுவது எப்படி என்று பாடம் எடுக்கிறீர்கள். நன்றாகவே எடுக்கிறீர்கள். திரையில் அக்காவின் ஷீட். அவர் போட்ட அதே நிறங்கள், அவர் வைத்த அதே அம்புக்குறிகள். தலையில் இருக்கும் கட்டத்தில் மறுபடியும் 0.75. அதைச் சுட்டிக்காட்டி, இது அனுபவத்தில் நானே கண்டுபிடித்தது, இதை மட்டும் யாரும் மாற்றாதீர்கள் என்கிறீர்கள். கீழே ஆளாளுக்கு நன்றி எழுதியிருக்கிறார்கள். குரு என்கிறார் ஒருவர்.

என் பங்கை நான் முதலில் சொல்லிவிடுகிறேன். அந்தச் சனிக்கிழமை கட்டத்தில் 1 இருந்ததைப் பார்த்தேன். பார்த்துவிட்டு ராக்கெட் ஹாலைக் கட்டினேன். ஞாயிற்றுக்கிழமை நீங்கள் அக்காவின் மேல் பழியைப் போட்டபோது இரண்டடி தள்ளி உட்கார்ந்திருந்தேன், வாயைத் திறக்கவில்லை. இதை எல்லாரும் படிக்கிற இடத்தில், என் வாயால் சொல்கிறேன்.

இப்போது நீங்கள். தனியாக எனக்குப் போன் செய்யாதீர்கள், கடைக்கு வா பேசிக்கொள்ளலாம் என்று ஆள் அனுப்பாதீர்கள். அந்த ஷீட்டில் எந்தக் கட்டத்தை யார், எந்த நாள், என்ன நேரத்துக்கு மாற்றினார்கள் என்ற பதிவு அப்படியே இருக்கும். வருகிற ஞாயிறு அதே சேனலில், அதே நேரலையில் வந்து அந்தப் பதிவைத் திறந்து காட்டுங்கள். 0.75-ஐ 1 ஆக்கியது யார் என்று உங்கள் வாயால் படியுங்கள். அந்த அதிகாரி இன்னும் உங்கள் சேனலைப் பார்க்கிறார். அவருக்கும் கேட்கும்படி படியுங்கள்.